அரசுப் பணித் தேர்வும் ஜோகுபாளையத்துத் தமிழரும்

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டால் நம்மவர்கள் பெரும்பாலும் கோயிலைப் பற்றி எழுதுவார்கள். இல்லையேல் குறளைப் பற்றி எழுதுவார்கள். இரண்டுக்கும் அல்சூர்ப் பகுதியில் குறைவில்லை. பழைமையான சோமேசுவரர் கோயில் இருக்கிறது. 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை ஏரிக்கரைப் பக்கம் நிற்கிறது. அவற்றைப் பற்றி என்னிலும் கற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமான ஒரு பொருள். நம் வீட்டுப் பிள்ளைகள் வாய்க்கு வாய் சொல்லும் 'கவர்மென்ட் எக்ஸாம்'.

ஜோகுபாளையத்தில் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பையனோ பெண்ணோ இல்லாத சந்து இல்லை. "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால் "பேங்க் எக்ஸாமுக்கு பிரிப்பேர் பண்றான் அங்கிள்" என்றோ, "ரயில்வே எழுதியிருக்கா, ரிசல்ட் வரணும்" என்றோ பதில் வரும். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால், மாலை நேரத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பல ஆண்டுகள் இப்படி நிரப்பிக் கொடுத்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தேர்வு என்றால் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே அளவுகோல் என்று நினைக்கிறோம். ஆனால் வினாத்தாளைத் தொடுவதற்கு முன்பே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. தேர்வு எந்த ஊரில் நடக்கிறது, எந்த வயதுக்குள் எழுத வேண்டும், எந்த மொழியில் எழுத வேண்டும், எந்த மாநிலத்துச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கும் படிவத்திலேயே விடை கேட்கப்பட்டுவிடுகிறது. இது இன்றைய நிலை மட்டுமன்று. சுமார் நூற்றெழுபது ஆண்டு வரலாறும் இதுவே எனலாம்.

குடத்திலிருந்து வினாத்தாளுக்கு

தேர்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மேடைப் பேச்சாளர்கள் உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் வாரிய உறுப்பினருக்குரிய தகுதிகளை விரிவாகச் சொல்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய உறவினரும் நிற்க முடியாது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அது குலுக்கல். போட்டித் தேர்வு அன்று. அந்தக் குலுக்கலிலும் குடத்துக்குள் ஓலை போகுமுன்பே ஊரில் பெரும்பாலோர் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நிலமில்லாதவன் ஓலை குடத்துக்கு வரவே வராது.

எழுத்துத் தேர்வு வைத்து அதிகாரிகளைத் தெரிவு செய்யும் முறையை நெடுங்காலம் நடத்தியவர்கள் சீனர்கள். சுமார் 1,300 ஆண்டுகள் நடந்த அம்முறை 1905-இல்தான் கைவிடப்பட்டது. இந்தியாவுக்கு அது இலண்டன் வழியாக வந்தது. கம்பெனி இயக்குநர்களின் சிபாரிசில் ஆள் எடுப்பதை நிறுத்தி 1853-இல் சட்டம் செய்தார்கள். மெக்காலே தலைமையிலான குழு 1854-இல் திட்டம் வகுத்தது. 1855-இல் முதல் தேர்வு இலண்டனில் நடந்தது.

அந்த முதல் திட்டத்தின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் விஷயம் விளங்கும். கிரேக்கத்துக்கு 750, இலத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. இந்தியாவை ஆள்வதற்கான தேர்வில் கிரேக்கத்தின் பாதி விலைதான் சமஸ்கிருதத்துக்கு. தமிழுக்கு இடமே இல்லை. தேர்வில் தேறிய வெள்ளைக்காரப் பையன், சென்னை மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்ட பிறகு தமிழோ தெலுங்கோ கற்றுக்கொண்டால் போதும் என்பது ஏற்பாடு.

இதற்கும் மேலே கடல் இருந்தது. கப்பல் ஏற வேண்டும், அங்கே தங்கிப் படிக்க வேண்டும். செலவு ஒரு பக்கம், சாதி விலக்கு அச்சம் மறு பக்கம். 1863-இல் வங்காளத்தின் சத்தியேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். ஒரு சிலர் பின்தொடர்ந்ததும், 1878 முதல் உச்ச வயது 19 என்று குறைத்துவிட்டார்கள். பத்தொன்பது வயதுக்குள் இங்கே பள்ளிப் படிப்பை முடித்து, அங்கே போய், கிரேக்கமும் இலத்தீனும் படித்துத் தேறுவது யாரால் ஆகும்? வினாத்தாளில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் கதவைச் சாத்திவிட்டார்கள். சுரேந்திரநாத் பானர்ஜி இதை எதிர்த்து நாடெங்கும் சுற்றிக் கூட்டம் போட்டது காங்கிரஸ் தோன்றுவதற்கு முந்தைய கதை.

தமிழர் பெயர் ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாண மரபில் வந்த பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜில் படித்து, 1875-இல் இலங்கை சிவில் சர்வீசுக்கான திறந்த போட்டித் தேர்வில் தேறிய முதல் இலங்கையர் ஆனார். அவரும் இலண்டனில்தான் எழுத வேண்டியிருந்தது. ஐ.சி.எஸ். தேர்வு இந்திய மண்ணில், அலகாபாத்தில், முதன்முதலாக நடந்தது 1922-இல். அதற்குள் தேர்வு முறை தொடங்கி அறுபத்தேழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

பதினாறில் பதினைந்து

இலண்டனை விட்டுச் சென்னைக்கு வந்தால், இங்கே வேறொரு கதவு. மாகாண சிவில் சர்வீசுக்காக 1892 முதல் 1904 வரை நடந்த போட்டித் தேர்வில் தேறியவர்கள் 16 பேர். அவர்களில் 15 பேர் பிராமணர். நிலையான மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் பிராமணர் 93, பிராமணரல்லாத இந்துக்கள் 25. அரசு அதிகாரி ஒருவர் 1913-இல் விசாரணைக் குழுவின் முன் வைத்த இக்கணக்கை 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட அறிக்கை மக்கள் முன் கொண்டுவந்தது. நீதிக்கட்சியின் தொடக்கம் அதுதான். தேர்வு நேர்மையாகவே நடந்திருக்கலாம். விடைத்தாளை யாரும் மாற்றியிருக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஏடும் எழுத்தும் புழங்கிய வீடும், முதன்முதலாகப் பலகை பிடித்த வீடும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்கார்ந்தால் முடிவு இப்படித்தான் வரும். 1924-இல் சென்னையில் பணியாளர் தேர்வுக் குழு அமைந்ததும், 1929-இல் மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையில் தேர்வாணையம் உருவானதும் இந்த வாதத்தின் பின்னணியில்தான்.

சென்னையில் ஒரு சமூகத்தைப் பற்றி எழுந்த குறை, மைசூரில் வெளியூர்க்காரர்களைப் பற்றியும் எழுந்தது. இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. 1881-இல் மைசூர் அரசு மன்னர் கைக்குத் திரும்பியபோது முதல் திவான் ரங்காச்சார்லு. அடுத்தவர் சேஷாத்திரி ஐயர். பாலக்காட்டுத் தமிழர், 1883 முதல் 1901 வரை திவான். இருவரும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். மைசூர் சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வு வைக்கும் முறை சேஷாத்திரி ஐயர் காலத்தில், 1890-களின் தொடக்கத்தில் ஏற்பட்டது. ஆனாலும் உயர் பதவிகளில் சென்னைக்காரர்கள் நிறைந்திருக்கிறார்கள் என்ற மனக்குறை மைசூர் மக்களிடம் வளர்ந்தது. 'மைசூர் மைசூரியருக்கே' என்ற குரல் எழுந்தது. அந்தக் குறையில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். பெருமை பேசும்போது ரங்காச்சார்லுவையும் சேஷாத்திரி ஐயரையும் நம்மவர் என்று சொல்லிக்கொள்கிற நாம், அந்தப் பெருமை பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1918-இல் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். ஏழு ஆண்டுகளுக்குள் உயர் பதவிகளில் பாதிக்குக் குறையாமலும், கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரு பங்கும் பிராமணரல்லாத சமூகத்தாருக்குச் சேர வேண்டும் என்று அக்குழு 1919-இல் பரிந்துரைத்தது. தேர்வு மதிப்பெண் ஒன்றே தகுதி என்று நம்பிய விசுவேசுவரய்யா இக்கொள்கையில் உடன்படாமல் திவான் பதவியை விட்டார். இன்றும் தேநீர்க் கடைகளில் நடக்கும் 'மெரிட்டா, ரிசர்வேஷனா' விவாதம் நூறாண்டுக்கு முன்பே மைசூர் அரண்மனை வாசலில் நடந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னால் வியக்கிறார்கள்.

மாஸ்தி எழுதிய தேர்வு

இந்தக் காலத்தில் மைசூர் சிவில் சர்வீஸ் தேர்வில் தேறிய ஒருவரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று போற்றப்படும் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். 1891-இல் கோலார் மாவட்டம் மாலூர் வட்டத்தில் பிறந்தவர். வீட்டில் பேசிய மொழி தமிழ். சென்னையில் ஆங்கிலம் படித்து 1914-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். மைசூர் சிவில் சர்வீசில் சேர்ந்து மாவட்ட ஆட்சியர் நிலை வரை உயர்ந்தார். தமக்கு இளையவர் ஒருவர் தம்மைத் தாண்டி உயர்த்தப்பட்டபோது 1943-இல் பதவியை விட்டு விலகினார். பிறகு 'ஜீவன' என்ற மாத இதழை 1944 முதல் 1965 வரை நடத்தினார். 'சிக்கவீர ராஜேந்திர' நாவலுக்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருது கிடைத்தது.

வீட்டில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம், வாழ்நாள் உழைப்பு கன்னடம். மூன்றும் ஒரே மனிதரிடம் முட்டிக்கொள்ளாமல் இருந்தன. மாஸ்தி நம்மவரா, அவர்களவரா என்று ஒரு கூட்டத்தில் சர்ச்சை வந்ததை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வீண் சர்ச்சையாகப் பட்டது. தாலுக்கா தாலுக்காவாகச் சுற்றிய அந்த அதிகாரி மக்களின் பேச்சைக் காதால் வாங்கியதோடு கையால் எழுதவும் செய்தார் என்பதே எனக்கு முக்கியம்.

கன்டோன்மென்ட்டின் வேலைக் கணக்கு

மாஸ்தியின் மைசூரும் நம் கன்டோன்மென்ட்டும் அன்று வெவ்வேறு ஆட்சியில் இருந்தன. 1809 வாக்கில் பட்டாளம் வந்து அமர்ந்த பிறகு அதன் பின்னாலேயே சென்னை மாகாணத்திலிருந்து கொத்தனார், சலவைக்காரர், சமையற்காரர், வண்டிக்காரர், கடைக்காரர் என்று தமிழர் வந்து குடியேறினர். சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் ஆங்கிலேயப் பிரதிநிதியின் ஆட்சியில் இருந்த இப்பகுதி, 1947 ஜூலை 26 அன்று, சுதந்திரத்துக்கு மூன்றே வாரம் முன்பு, மைசூர் அரசிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆகவே நம் தாத்தாக்களின் வேலைக் கணக்கில் தேர்வு என்ற பேச்சு அதிகம் இல்லை. ஏரிக்கரைப் பக்கம் இன்றும் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸில் சிப்பாயாகச் சேர்ந்தார்கள். அதற்கு மார்பளவும் உயரமும் பார்த்தால் போதும். ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் தொடங்கிய பள்ளி போன்றவற்றில் படித்த சிலருக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது.

அப்பாக்கள் காலத்தில் தொழிற்சாலை வந்தது. 1940-இல் விமானத் தொழிற்சாலை, 1948-இல் ஐ.டி.ஐ., 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பி.இ.எல்., பிறகு பழைய மெட்ராஸ் ரோட்டிலேயே என்.ஜி.இ.எஃப். ஜோகுபாளையத்துக்கு இவற்றில் பாதி சைக்கிள் தூரம். ஐ.டி.ஐ. கம்பெனிப் பேருந்துக்காகக் காலையில் நின்ற வரிசை எனக்கு நினைவிருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டு, அப்ரெண்டிஸ் முடித்து, டிரேட் டெஸ்ட் என்ற கைவேலைச் சோதனையில் தேறினால் உள்ளே போகலாம். லேத்தில் கை நிற்கிறதா என்று பார்த்தார்களே தவிர, கூட்டு வட்டிக் கணக்குக் கேட்கவில்லை. "ஃபாக்டரியில இருக்கான்" என்றால் பெண் கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸ், கேன்டீன், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்த வாழ்க்கை அது.

1990-களில் அந்த வாழ்க்கை சுருங்கத் தொடங்கியது. ஆள் எடுப்பு நின்றது. விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 2002-இல் என்.ஜி.இ.எஃப். கதவடைத்தது. அப்பாவின் கைவேலையைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாமல் போயிற்று. ஐ.டி. கம்பெனிகள் அதே காலத்தில் வந்தன என்பது உண்மைதான்; ஆனால் அவை பொறியியல் பட்டமும் சரளமான ஆங்கிலமும் கேட்டன. பி.காம். படித்த ஜோகுபாளையத்துப் பையனுக்கு மீதமிருந்தது போட்டித் தேர்வு. அதுவரை ஆயிரத்தில் ஒருவர் வீட்டு விஷயமாக இருந்தது சந்துக்குச் சந்து வந்தது இப்படித்தான்.

நான் படித்த காலத்தில் தயாரிப்பு என்பது சில பொருள்கள்தாம். 1976-இல் தொடங்கிய 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வார இதழ். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குவோம். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம். மாடிப்படி ஏறிப் போகும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அங்கே 'லோயர்', 'ஹையர்' முடிக்காதவன் எழுத்தர் வேலையை நினைக்க முடியாது. வீட்டில் இடமிராது. ஏரிக்கரையிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து படித்தோம். தெரு விளக்கில் படித்த கதைகளை நான் சொல்ல மாட்டேன். அவை ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சொல்லப்பட்டவை.

எந்த மொழியில் எழுதுவது?

நான்கு கேள்விகளில் மிகக் கடினமானது மொழி. 1965-இல் தமிழகத்தில் எழுந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை நாம் உணர்ச்சி மிகுந்த மொழிப்போராகவே நினைவில் வைத்திருக்கிறோம். அதன் நடுவில் மாணவர்களுக்கு மிக நடைமுறையான கவலை ஒன்று இருந்தது. மத்திய அரசுத் தேர்வுகள் இந்தியில் மட்டும் நடந்தால் நம் கதி என்ன என்பதே அது. 1965 பிப்ரவரி 11 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் கொடுத்த உறுதிமொழிகளில், அகில இந்தியப் பணித் தேர்வுகள் ஆங்கிலத்திலும் தொடரும் என்பது ஒன்று. நாடாளுமன்றம் ஏற்று 1968 ஜனவரியில் வெளியான மொழித் தீர்மானம் எட்டாவது அட்டவணை மொழிகளையும் தேர்வு மொழிகளாக ஏற்க வழி செய்தது. கோத்தாரி குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1979 முதல் ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வைத் தமிழிலோ கன்னடத்திலோ எழுதலாம் என்ற நிலை வந்தது. தீர்மானத்துக்கும் நடைமுறைக்கும் இடையே பதினோரு ஆண்டு. முதல்நிலைத் தேர்வின் வினாத்தாளோ இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது.

கடலுக்கு அப்பால் இதே கேள்வி எவ்வளவு கொடியதாக முடியும் என்பதை இலங்கை காட்டியது. 1956-இன் 'சிங்களம் மட்டும்' சட்டத்துக்குப் பிறகு தமிழ் அரசு ஊழியர்கள் சிங்களத்தில் தேர்ச்சி காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பதவி உயர்வு இல்லை என்றாயிற்று. அருணாசலம் நுழைந்த அதே அரசுப் பணியிலிருந்து எத்தனையோ தமிழர்கள் மனம் கசந்து வெளியேறினார்கள்.

கர்நாடகத்தில் நம் நிலையை அதனோடு ஒப்பிடுவது தவறு. அங்கே நாட்டின் மற்றொரு பழங்குடி மக்களின் மொழியை வெளியே தள்ளினார்கள். இங்கே மாநில அரசின் வேலைக்கு மாநில மொழி தெரிய வேண்டும் என்கிறார்கள். கன்னடத்தில் எழுதிக் கொடுத்த மனுவைப் படிக்கத் தெரியாதவர் தாசில்தார் அலுவலகத்தில் உட்கார்ந்து என்ன செய்வது? கே.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் கன்னடமும் ஆங்கிலமும் தகுதித் தாள்கள். மதிப்பெண் தரவரிசையில் சேராது, ஆனால் தேறியாக வேண்டும். 1980-களில் சரோஜினி மகிஷி குழு 'உள்ளூர்க்காரர்' என்பதற்குச் சொன்ன இலக்கணமும், 15 ஆண்டு வாசமும் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதும்தான். நான்கு தலைமுறையாக இங்கே இருக்கும் நமக்கு முதல் பாதியில் சிக்கலே இல்லை. இரண்டாம் பாதியில்தான் பலர் வழுக்குகிறோம். பேசுவதில் நம் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சந்தையில் பேசும் கன்னடத்தைக் கேட்டால் வேறுபாடே தெரியாது. பேனாவை எடுத்தால் ஒத்தக்ஷரத்தில் நின்றுவிடுகிறார்கள்.

"சரி, தமிழ்நாட்டுக்குப் போய் எழுதட்டுமே" என்பார்கள் சிலர். அங்கே 2021 டிசம்பர் ஆணைப்படி தமிழ்த் தகுதித் தாளில் நூற்றுக்கு 40 வாங்க வேண்டும். வாங்காவிட்டால் மற்றத் தாள்கள் கணக்கில் வராது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010-இன் சட்டப்படி 20 விழுக்காடு உண்டு. 2020-இல் வந்த திருத்தம் பள்ளி நாளிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்றது. அதுவும் முறையானதே. ஆனால் ஆங்கிலவழியில் படித்து, கன்னடமோ இந்தியோ இரண்டாம் மொழியாக எடுத்த ஜோகுபாளையத்துப் பிள்ளைக்கு அந்தக் கதவும் அகலமாக இல்லை. போன ஆண்டு ஒரு தாய் என்னிடம் சொன்னது: "இங்க கன்னடம் எழுத வரலைங்கறாங்க, அங்க தமிழ் எழுத வரலைங்கறாங்க. வீட்ல ரெண்டும்தான் பேசறான். எங்கதான் சார் போவான் அவன்?"

ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் இந்திய மொழித் தாள் ஒன்று உண்டு. 300 மதிப்பெண், அதில் 25 விழுக்காடு, அதாவது 75 எடுத்தால் போதும். கட்டுரை, சுருக்கி வரைதல், மொழிபெயர்ப்பு என்று பள்ளிக்கூட அளவுதான். எட்டாவது அட்டவணையில் எந்த மொழியையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் தவறினால் மற்ற விடைத்தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். உலக வரலாறும் பொருளாதாரமும் கரைத்துக் குடித்தவன் தாய்மொழியில் இரண்டு பக்கம் எழுத முடியாமல் வெளியேறலாம். இரண்டு மொழியையும் வீட்டிலும் தெருவிலும் இலவசமாகப் பெற்ற நம் பிள்ளைகள் இந்தத் தாளைப் பார்த்து நடுங்குகிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

மொழியால் அடிபடுவது நாம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 2024 ஆகஸ்ட் 27 அன்று 384 பதவிகளுக்கு நடந்த கே.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வில் கன்னட வினாத்தாள் மொழிபெயர்ப்புப் பிழைகளால் நிறைந்திருந்தது. கன்னடவழி மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். அரசு மறுதேர்வுக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 29 மறுதேர்விலும் பிழைகள் இருந்தன என்று மீண்டும் போராட்டம். தன் மாநிலத்தில், தன் மொழியில் எழுதியவனுக்கே இந்த நிலை. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் சந்தில் கன்னடப் பையனும் தமிழ்ப் பையனும் சேர்ந்து உட்கார்ந்து வினாத்தாளை அலசிக்கொண்டிருந்தார்கள்.

சான்றிதழ் என்னும் நான்காம் கேள்வி

மொழிக்கு அடுத்தபடி காகிதம். தாழ்த்தப்பட்ட சமூகத்தார் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், புதிய மாநிலத்தில் அந்த ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. 2018-இல் அதையே உறுதி செய்தது. குடும்பம் 1950 ஆகஸ்ட் 10 அன்று எந்த மாநிலத்தில் இருந்தது என்பதே கேள்வி. ஆதி திராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. அதனால் பெயர் ஒன்றாயிருந்தாலே போதும் என்று நம்பி விண்ணப்பிப்பவர்கள் உண்டு. அது போதாது. தமிழ்நாட்டிலோ, வெளிமாநிலத்தைச் சேர்ந்தவர் என்றால் பொதுப்பிரிவில்தான் வைப்பார்கள். ஆகவே தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகம், சர்ச்சுப் பதிவு, கந்தாய ரசீது எதையும் எறியாதீர்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் 1940-களின் வீட்டு வரி ரசீது ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. பேத்தியின் சாதிச் சான்றிதழுக்கு அதுதான் கைகொடுத்தது. இன்னொரு வீட்டில் வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். அந்தப் பையன் பொதுப்பிரிவில் எழுதிக்கொண்டிருக்கிறான்.

இப்போதைய நிலை

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. பொதுத்துறை வங்கி எழுத்தர் தேர்வைத் தமிழ், கன்னடம் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்த 2021-இல் முடிவானது. பணியாளர் தேர்வாணையத்தின் பல்பணி ஊழியர் தேர்வு 2023-இலும், மத்தியக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024-இலும் அவ்வாறே நடந்தன. ஊர்த் தொலைவும் குறைந்தது. கே.ஏ.எஸ்., ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்கள் குவிந்திருக்கும் விஜயநகர் நகரத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. முன்பெல்லாம் இரண்டு பேருந்து மாறி மெஜஸ்டிக் நெரிசலில் நசுங்கிப் போக வேண்டும். 2016 ஏப்ரல் முதல் அல்சூர் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் மாறாமல் விஜயநகரில் இறங்கலாம். இராத்திரி வகுப்பு முடிந்து பெண் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். ஐ.ஏ.எஸ்.ஸில் சேர்ந்த முதல் பெண்ணான அன்னா ராஜம் ஜார்ஜ், 1951-இல் நேர்முகக் குழுவே மனம் கலைக்கப் பார்த்தும் விடாப்பிடியாக நின்று, பின்னர் இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஓசூரில் உதவி ஆட்சியராக இருந்தவர். அவர் கதையை இந்தப் பெண்களுக்குச் சொல்வதுண்டு. "அவங்களுக்கு கோச்சிங் ஃபீஸ் இல்லையே அங்கிள்" என்றாள் ஒருத்தி. பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் பெண் இந்த ஆண்டு மூன்று தேர்வுக்கு விண்ணப்பிக்கிறாள். அப்பா பெயின்டர், தாத்தா என்.ஜி.இ.எஃப்.பில் இருந்தவர். பள்ளியில் கன்னடம் இரண்டாம் மொழி. தமிழ் எழுத்து பாட்டியிடம் கற்றது. தினத்தந்தி தலைப்பைப் படிப்பாள், எழுதுவதற்குக் கொஞ்சம் தடுமாறுவாள். போன வாரம் மடிக்கணினியில் படிவத்தைத் திறந்தோம். பெயர், பிறந்த தேதி, பிரிவு எல்லாம் நிரப்பியாயிற்று. தேர்வு மொழி என்ற கட்டத்தில் அம்புக்குறியை வைத்துக்கொண்டு, "ரெண்டுல எது போடட்டும்?" என்று கேட்டாள். எதில் வேகமாகப் படிப்பாயோ அதைப் போடு என்றேன். கன்னடத்தை அழுத்தினாள். பிறகு, "மெயின்ஸ் எழுதற வருஷம் லாங்குவேஜ் பேப்பருக்குத் தமிழ்தான். அதுக்குள்ள சொல்லிக் குடுங்க" என்றாள். செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணிக்கு வருகிறாள். இப்போது சுருக்கி வரைதல் நடக்கிறது.